சுரைப்பந்தலின் கீழே யோனா

யோனா என்றதும் நமக்கு மீன்தான் ஞாபகம் வரும். ஞாயிறு பள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் நீலக் கடல், வாயைப் பிளந்த திமிங்கிலம், அதன் நாக்கின்மேல் முழங்காலிட்டுக் கும்பிடும் தாடிக்காரர். நானும் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவன்தான். அதனால், ரோம் நகரத்துச் சுரங்கக் கல்லறைகளில் இருக்கும் யோனா ஓவியங்களின் போட்டோக்களை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓர் இளைஞன், உடம்பில் பொட்டுத் துணியில்லை. ஒரு கையை மடக்கித் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு, பந்தலுக்குக் கீழே சாய்ந்து படுத்திருக்கிறான். பந்தலிலிருந்து நீளநீளமாகச் சுரைக்காய்கள் தொங்குகின்றன. முகத்தில் அப்படியொரு நிம்மதி. இதுவா யோனா?

இதுதான். கி.பி. 313-க்கு முன்பு, அதாவது கான்ஸ்டன்டைன் பேரரசர் கிறிஸ்தவர்களை நிம்மதியாக வாழவிடுவதற்கு முன்பு, கிறிஸ்தவர்கள் வரைந்ததிலும் செதுக்கியதிலும் மிக அதிகமாகத் தென்படும் பழைய ஏற்பாட்டு மனிதர் யோனாதான். நோவாவும் சிங்கக் கெபியில் நிற்கும் தானியேலும்கூட அவருக்கு அடுத்துத்தான். அந்த யோனாவையும் அவர்கள் திரும்பத் திரும்ப வரைந்தது தூங்குகிற கோலத்தில். இது ஏன் என்று தேடிப்போனால், ஒரு கதை ஓவியமாக மாறும்போது என்னவெல்லாம் நடக்கிறது என்பது தெரியவரும். படம் எந்த இடத்தில் இருக்கப்போகிறதோ அந்த இடம்தான் கதையின் எந்தத் துண்டை எடுப்பது என்று தீர்மானிக்கிறது. யோனாவைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் ஆள் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் கதை. யோனா புத்தகம் சின்னது, 4 அதிகாரம், 48 வசனம். அசீரியரின் நினிவே நகரத்துக்குப் போய் அதன் அழிவை அறிவிக்கச் சொல்கிறார் கடவுள். யோனா எதிர்த்திசையில் கப்பலேறி ஓடுகிறார். புயல் வருகிறது. மாலுமிகள் சீட்டுப்போட்டுப் பார்த்து, வேறு வழியில்லாமல் அவரைக் கடலில் போடுகிறார்கள். பெரிய மீன் விழுங்குகிறது, மூன்று நாள் வயிற்றில் வைத்திருந்து கரையில் கக்குகிறது. இந்தமுறை யோனா நினிவேக்குப் போகிறார், ஊர் மனந்திரும்புகிறது, கடவுள் மன்னிக்கிறார். இத்தோடு சுபம் என்று நினைத்தால், யோனாவுக்குக் கோபம் வருகிறது. எதிரியின் ஊர் ஏன் தப்ப வேண்டும்? ஊருக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். கடவுள் ஒரு செடியை முளைக்கச் செய்து அவருக்கு நிழல் கொடுக்கிறார். மறுநாள் ஒரு பூச்சி அரித்துச் செடி பட்டுப்போகிறது. செத்தால் தேவலை என்கிறார் யோனா. நீ பாடுபடாத ஒரு செடிக்காக இவ்வளவு வருந்துகிறாய், லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதரும் அத்தனை ஆடுமாடுகளும் இருக்கும் நகரத்துக்காக நான் வருந்தக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று ஒரு வரியும் இல்லை.

இப்போது கவனியுங்கள். செடியின் நிழலில் யோனா தூங்கினார் என்று எங்கேயும் எழுதவில்லை. அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், செடியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார், பிறகு கொதிக்கிறார். அவர் தூங்குவது முதல் அதிகாரத்தில், கப்பலின் அடித்தட்டில். பந்தலடித் தூக்கம் முழுக்க ஓவியர்களும் சிற்பிகளும் சேர்த்தது.

அதற்குக் காரணம் அந்தச் சுவர்தான். கலிஸ்துஸ் கல்லறை, பிரிஸ்கில்லா கல்லறை, மார்செல்லினுஸ் பேதுரு கல்லறை, எல்லாமே ரோமுக்கு வெளியே மென்மையான எரிமலைக் கல்லைக் குடைந்து செய்த நிலத்தடி இடுகாடுகள். குறுகிய நடைபாதை, இருபக்கமும் அடுக்கடுக்காகச் சடலம் வைக்கும் பொந்துகள், நடுநடுவே குடும்ப அறைகள். எண்ணெய் விளக்கோடு இறங்கி வருகிறவர் யார்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கணவனை இழந்தவள். அவர்களுக்கு நினிவேயின் பாவமும் யோனாவின் கோபமும் எதற்கு? அவர்களுக்குத் தேவைப்பட்டது சாவின் வாய்க்குள் போய்த் திரும்பிவந்து, நிழலில் இளைப்பாறும் ஒருவர். யோனா மூன்று நாள் மீனின் வயிற்றில் இருந்ததைத் தன் சாவுக்கும் உயிர்ப்புக்கும் அடையாளமாக இயேசுவே சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். இடுகாட்டைக் குறிக்க அவர்கள் சொன்ன கிரேக்கச் சொல்லின் பொருளே ‘தூங்கும் இடம்’. நம் ஊரிலும் கிறிஸ்தவ வீட்டு மரண அறிவிப்பில் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றுதானே போடுகிறோம். அந்த வாக்கியத்தைப் படமாக வரையச் சொன்னால் கிடைப்பது பந்தலடியில் தூங்கும் யோனா.

சரி, அந்த உடல்வாகு எங்கிருந்து வந்தது? அம்மணம், இளமை, தலைக்கு மேல் மடங்கிய கை, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட கால். இது கிரேக்கக் கதையில் வரும் எண்டிமியோன் என்ற அழகான மேய்ப்பனுடையது. நிலவுத் தேவதை செலேனே அவன்மேல் ஆசைப்பட்டாள், அவன் என்றென்றும் மூப்பில்லாமல் தூங்குகிறான். கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளில் பணக்கார ரோமானியர்கள் தங்கள் கல்சவப்பெட்டிகளில் இந்தக் கதையை விரும்பிச் செதுக்கிக்கொண்டார்கள். கல்தச்சனுக்கு அந்த உருவம் கைப்பழக்கம். கிறிஸ்தவ வாடிக்கையாளர் வந்து யோனா வேண்டும் என்றபோது, பழகிய கை பழகிய உடம்பையே செதுக்கியது. மேலே சுரைக்கொடியைச் சேர்த்ததும் எண்டிமியோன் யோனா ஆகிவிட்டான். ரோமப் பொதுமன்றத்தை ஒட்டிய சாந்தா மரியா அந்திக்குவா ஆலயத்தில் கி.பி. 270 வாக்கில் செய்த ஒரு கல்சவப்பெட்டி இருக்கிறது. அதன் இடதுபக்கத்தில் படுத்திருக்கும் யோனாவைப் பெயர் சொல்லாமல் காட்டினால் எண்டிமியோன் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

மீனும் அப்படித்தான் வந்தது. எபிரேய மூலத்தில் ‘பெரிய மீன்’ என்று மட்டும் இருக்கிறது. தமிழ் வேதாகமமும் பெரிய மீன் என்றே சொல்கிறது, திமிங்கிலம் என்று சொல்லவில்லை. கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘கேட்டோஸ்’ ஆனது. கேட்டோஸ் என்றால் கடல் பூதம். கிரேக்கக் கதையில் ஆந்திரோமெதா என்ற இளவரசியைத் தின்ன வந்து பெர்சியுஸ் என்ற வீரன் கையால் மடிந்ததே, அந்த வகை. அதற்கு ஏற்கெனவே ஒரு நிலையான வடிவம் இருந்தது: நாய் அல்லது ஓநாய் போன்ற முகம், நிமிர்ந்த காதுகள், முன்னங்கால்கள், பாம்பு போலச் சுருண்டு மேலெழும் வால். ஆகவே முதல் ஆயிரம் ஆண்டு யோனா படங்களில் பெரும்பாலானவற்றில் மீனைத் தேடினால் கிடைக்காது. காதுள்ள ஒரு விலங்குதான் கிடைக்கும்.

இதை மிக நெருக்கத்தில் பார்க்க வேண்டுமானால், அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் பளிங்குச் சிலைகளைப் பார்க்க வேண்டும். 1965-இல் அருங்காட்சியகம் வாங்கிய 11 சிலைகள். கி.பி. 280, 290 வாக்கில் இன்றைய துருக்கிப் பகுதியில் செய்தவை. ஆறு மார்பளவுச் சிலைகள், ஒரு நல்ல மேய்ப்பர், மீதி நான்கும் யோனா. முழங்கை நீளம் இருக்கும் சின்னச் சிலைகள்தான். ஆனால் அந்த வேலைப்பாடு! யோனாவை விழுங்கும் சிலையில் மனிதனின் தலையும் மார்பும் ஏற்கெனவே தொண்டைக்குள் போய்விட்டன, வெளியே இடுப்பும் இரண்டு கால்களும் மட்டும் அந்தரத்தில் உதைக்கின்றன. பக்கத்துச் சிலையில் அதே விலங்கின் வாயிலிருந்து யோனா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, நீச்சல்காரன் தண்ணீரைப் பிளந்து எழுவதைப் போல வெளியே பாய்கிறார். நனைந்த தாடி, பின்னால் பறக்கும் முடி. உள்ளே போகும்போது முகம் இல்லை, வெளியே வரும்போது முகம் இருக்கிறது. அந்தச் சிற்பி இதை யோசித்துச் செய்தாரா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். நான்காவது சிலையில் அவர் சுரைக்கொடியின் கீழே, அதே பழைய தோரணையில், கையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு சாய்ந்திருக்கிறார்.

இந்தச் சுரைக்கொடிக்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. எபிரேயத்தில் செடியின் பெயர் ‘கிக்காயோன்’. அது ஆமணக்கு என்பது இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து, தமிழ் வேதாகமத்திலும் ஆமணக்குச் செடி என்றுதான் இருக்கிறது. ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதைச் சுரை என்று ஆக்கினார்கள், அதைப் பின்பற்றிய பழைய லத்தீனிலும் சுரைதான். ஓவியர்களும் சுரையை வரைந்தார்கள். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர் எபிரேயத்திலிருந்து நேரடியாக லத்தீனில் மொழிபெயர்த்தபோது, ஆமணக்குக்கு லத்தீனில் பழகிய சொல் இல்லை என்று படர்கொடியான ‘ஐவி’யைப் போட்டுவிட்டார். வந்தது வினை. இன்றைய லிபியாவின் திரிப்போலி நகரம் அப்போது ஓயா. அங்கே ஆயர் ஒருவர் புதிய மொழிபெயர்ப்பை ஆலயத்தில் வாசித்தார். செடியின் பெயர் மாறியதைக் கேட்டுச் சபை கொந்தளித்தது. சபையே தன்னை விட்டுப் போய்விடுமோ என்ற நிலைக்கு அந்த ஆயர் வந்துவிட்டார். கி.பி. 403-இல் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரிப்பவர் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனார்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ருஃபீனுஸ் சொன்னது. இவர் ஜெரோமின் பழைய நண்பர், பிறகு எதிரி. ஜெரோமை எதிர்த்து எழுதிய நூலில் அவர் கேட்பது இதுதான்: அப்படியானால் நம் முன்னோரின் கல்லறைகளிலும் போய் எழுதிவைக்க வேண்டியதுதானே, யோனாவுக்கு நிழல் கொடுத்தது சுரை இல்லை, ஐவி என்று? கேலிக்காகச் சொன்னதுதான். ஆனால் இதைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைக்காது. கல்லறைப் படங்களைச் சாதாரண மக்கள் எந்த அளவுக்குக் கதையாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்த ஒரு வரியில் தெரிகிறது. எழுத்தை மாற்றிவிடலாம், தாத்தாவின் கல்லறையில் தொங்கும் சுரைக்காயை என்ன செய்வது?

ருஃபீனுஸ் ஞானஸ்நானம் பெற்ற ஊர் இத்தாலியின் வடகிழக்கில் இருக்கும் அக்விலேயா. அந்த ஊர்ப் பேராலயத்தின் தரையை 1909-இல் தோண்டியபோது, அடியில் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த மொசைக் தரை ஒன்று முழுசாக வெளிப்பட்டது. ஆயர் தியோதோர் காலத்துத் தரை, அவர் பெயரும் அதில் இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 760 சதுர மீட்டர். அதன் கிழக்குப் பக்கம் முழுக்க ஒரே கடல். கடல் நிறைய மீன், வாத்து, கணவாய், தூண்டில் போடும் சிறகு முளைத்த குட்டிப் பையன்கள். யோனாவைக் கடலில் போடுவதும், கக்குவதும், சுரைப்பந்தலில் அவர் சாய்ந்திருப்பதும் இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் எங்கோ நடக்கிறது. முதலில் பார்ப்பவர் யோனாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கல்லறைச் சுவரில் கதையின் மையம் தூக்கம் என்றால், இங்கே மையம் கடல். மக்கள் கால்வைத்து நடக்கும் தரை அல்லவா? ஆலயத்துக்குள் வருகிறவர் தண்ணீரின்மேல் நடந்துதான் பலிபீடத்தை நோக்கிப் போக வேண்டும்.

யூதர்களும் இதே கதையைத் தரையில் பதித்திருக்கிறார்கள். கலிலேயாவில் ஹுக்கோக் என்ற இடத்தில், 5-ஆம் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் ஒன்றின் மொசைக் தரை சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்தது. அதில் யோனாவின் கால்கள் ஒரு மீனின் வாயிலிருந்து தொங்குகின்றன, அந்த மீனை இன்னொரு பெரிய மீன் விழுங்குகிறது, அதை அதைவிடப் பெரிய மீன் விழுங்குகிறது. கடல் பூதம் இல்லை, நிஜ மீன்கள். கலிலேயக் கடல் பக்கத்திலேயே இருக்கிற ஊர்க்காரர்களுக்கு மீன் எப்படியிருக்கும் என்று தெரியாதா என்ன!

இடைக்காலத்தில் யோனாவின் தூக்கம் மெல்ல மறைந்துபோகிறது. வியன்னாவுக்குப் பக்கத்தில் கிளோஸ்டர்நொய்பர்க் மடத்தில் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லர் 1181-இல் முடித்த எனாமல் தகடுகள் இருக்கின்றன. அங்கே ஒரு பத்தியில் மேலே குழியில் தள்ளப்படும் யோசேப்பு, நடுவில் இயேசுவின் அடக்கம், கீழே மீனின் வாய்க்குள் போகும் யோனா. மூன்றும் ஒரே செயல், மனிதனை ஒரு பள்ளத்துக்குள் இறக்குவது. அறிவாளித்தனமான ஏற்பாடுதான், அழகும்தான், ஆனால் யோனாவுக்குத் தனியாக ஒரு மனசு இருந்ததாகவே அந்தப் படத்தில் தெரியாது.

அந்த மனசைத் திருப்பிக் கொடுத்தவர் மைக்கேலாஞ்சலோ. வத்திக்கானின் சிஸ்டின் சிற்றாலயத்தின் கூரையை அவர் வரைந்தது 1508 முதல் 1512 வரை. சுற்றிலும் ஏழு தீர்க்கதரிசிகள், ஐந்து சிபில்கள், அதாவது பழைய கிரேக்க, ரோமானிய உலகத்துப் பெண் குறிசொல்லிகள். ஆளாளுக்குப் புத்தகம், சுருள் என்று வைத்துக்கொண்டு படிக்கிறார்கள், எழுதுகிறார்கள், யோசிக்கிறார்கள். யோனாவிடம் எதுவும் இல்லை. பலிபீடத்துக்கு நேர் மேலே, எல்லாரும் பார்க்கும் இடத்தில், வெறுங்காலோடு பின்னால் சாய்ந்து, கண்ணை மேலே எறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் மீனின் தலை, அதற்கும் பின்னால் இலைகள். அண்ணாந்து பார்க்கும் அவர் கண்ணுக்கு நேரே கூரையில் கடவுள் ஒளியையும் இருளையும் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த உடம்பில் இருக்கும் வித்தை என்ன என்று கேட்டால், அந்த இடத்தில் கூரை நம்மை நோக்கி முன்னால் வளைந்து வருகிறது. யோனாவின் மார்பும் தலையும் வரையப்பட்டிருப்பது நமக்குக் கிட்ட வரும் பகுதியில், கால்கள் இருப்பது தள்ளியிருக்கும் பகுதியில். ஆனால் கீழே நின்று பார்த்தால் நேர்மாறாகத் தெரியும். கால்கள் நம் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டும், மார்பு உள்ளே தூரத்தில் விழுந்துகொண்டும் இருக்கும். முன்னால் வரும் சுவரைப் பின்னால் போக வைத்திருக்கிறார். அவர் காலத்திலேயே வாழ்ந்து அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கொந்திவியும் வசாரியும் இதைச் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறார்கள். நான் இதை வெறும் திறமைக் காட்சியாக நினைக்கவில்லை. யோனா யார்? முன்னால் போகச் சொன்னால் பின்னால் போனவர். அவர் எந்தச் சுவரில் இருக்கிறாரோ அதற்கே எதிராகச் சாய்கிறார். ஒரு கை விரல்களைப் பாருங்கள், வாதாடுகிறவனின் விரல்கள். நிழலில் தூங்கும் இளைஞன் போய்விட்டான். கடவுளோடு மல்லுக்கு நிற்கும் மனிதன், புத்தகத்தின் நான்காவது அதிகாரத்து மனிதன், அங்கே வந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு 1536-இல் அதே சுவரில், யோனாவின் கால்களுக்குக் கீழே, மைக்கேலாஞ்சலோ இறுதித் தீர்ப்பை வரையத் தொடங்கி 1541-இல் முடித்தார். கல்லறைகள் திறந்து செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள், மேலே மூன்றாம் நாள் எழுந்தவர்.

அதற்குப் பிறகு வந்தவற்றில் பலவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். ரெம்பிராண்டின் ஆசிரியர் லாஸ்ட்மன் 1621-இல் வரைந்த யோனா மீனின் வாயிலிருந்து தலைகுப்புற உருண்டு விழுகிறார், பார்க்க நன்றாக இருக்கும். போலந்தின் தூஷ்னிக்கி ஊர் ஆலயத்தில் 18-ஆம் நூற்றாண்டுப் பிரசங்க மேடை ஒன்று உண்டு. மேடையே ஒரு மாபெரும் மீன், அதன் பிளந்த வாய்க்குள், பற்களுக்கு நடுவில் நின்றுதான் குருவானவர் பிரசங்கம் செய்வார். மீன் கக்கிய பிறகுதான் யோனா சொல்ல வேண்டியதைச் சொன்னார் என்பது அந்தத் தச்சருக்கு மறக்கவில்லை.

இஸ்லாமியக் கலையில் யோனா, அதாவது யூனுஸ் நபி, இன்னொரு மாதிரி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1400 வாக்கில் ஈரானில் வரைந்த ஒரு தாள் இருக்கிறது. பளபளக்கும் செதில்களோடு, சீன ஓவியங்களில் வரும் கெண்டை போன்ற மீன். அதிலிருந்து வெளியே வரும் யூனுஸுக்கு வானதூதர் ஒருவர் உடுத்த ஆடை நீட்டுகிறார். அருகில் சுரை படர்ந்திருக்கிறது. குர்ஆனில் 37-ஆம் அத்தியாயம் சொல்வது சுரைதான், தமிழ் மொழிபெயர்ப்பிலும் சுரைக்கொடி என்றே படிக்கலாம். தமிழில் வேதாகமம் வாசிப்பவருக்கு ஆமணக்கு, குர்ஆன் ஓதுபவருக்குச் சுரை. ஓயா ஊர்ச் சண்டையின் இரண்டு பக்கமும் நம் மொழியில் சண்டையில்லாமல் இருக்கின்றன. அந்தத் தாளில் என்னை நிறுத்துவது அந்த ஆடைதான். அம்மணமாக வந்தவனுக்குத் துணி கொடுக்க வேண்டும் என்று கல்லறை ஓவியர்களுக்குத் தோன்றவில்லை, இவருக்குத் தோன்றியிருக்கிறது.

இத்தனை படங்களிலும் கிட்டத்தட்ட யாருமே வரையாத ஒன்று நினிவே. கதை முழுவதும் அந்த ஊருக்காகத்தான், கடைசிக் கேள்வியும் அந்த ஊரைப் பற்றித்தான், ஆனாலும் மீனுக்கும் செடிக்கும் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூட ஊருக்குக் கிடைக்கவில்லை. பழைய நினிவே இன்றைய ஈராக்கின் மோசுல் நகரத்துக்குள் இருக்கிறது. அங்கே ஒரு மேட்டின்மேல் யூனுஸ் நபியின் அடக்கத்தலம் என்று மக்கள் போற்றிய பள்ளிவாசல் இருந்தது. 2014 ஜூலையில் ஐஎஸ் அமைப்பினர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கும் அடியில் சுரங்கம் தோண்டிக் கிடைத்ததை விற்கவும் பார்த்தார்கள். அவர்களை விரட்டிய பிறகு அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கிய தொல்லியல் ஆய்வாளர்கள் அங்கே கண்டது, கி.மு. 681 முதல் 669 வரை ஆண்ட அசீரிய மன்னன் எசர்ஹத்தோனின் அரண்மனையை. கல்வெட்டுகளும், சுவரில் புடைப்புச் சிற்பங்களும் இருந்தன. யோனாவின் கல்லறை என்று நூற்றாண்டுகளாக மக்கள் வந்து வணங்கிய இடத்துக்கு நேர் கீழே, அவர் மன்னிக்க மறுத்த ஊரின் சிற்பங்கள் அவ்வளவு காலமும் மண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தன.